விடுவதா, வைத்திருப்பதா: புலிக்குட்டியிலிருந்து முயல்குட்டி வரை

2020 நவம்பரில் இடுக்கி மாவட்டப் பெரியார் புலிகள் காப்பகத்தில், மங்களாதேவி மலைப்பகுதியில், தாயைப் பிரிந்த பெண் புலிக்குட்டி ஒன்று வனப் பணியாளர்களின் கண்ணில் பட்டது. மங்களா என்று பெயரிட்டு அதை வளர்த்தனர். 2021 செப்டம்பரில், பாலக்காட்டின் பறம்பிக்குளத்தை ஒட்டிய ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில், வால்பாறை முடீஸ் தோட்டப்பகுதியில் மெலிந்து நடமாடிய இளம்புலி ஒன்று பிடிக்கப்பட்டது. இரண்டுக்கும் ஒரே நோக்கம் அறிவிக்கப்பட்டது: தேற்றி, வேட்டை பழக்கி, மீண்டும் காட்டில் விடுவது. பின்னர் மங்களாவின் கண்களில் புரை கண்டறியப்பட்டது. வால்பாறைப் புலிக்குக் கோரைப்பல் சேதமடைந்திருந்தது. விடலாமா என்ற கேள்வி அதன்பின் எளிதாக இருக்கவில்லை.

பொதுவெளியில் இதற்குக் கிடைக்கும் விடைகள் பெரும்பாலும் உணர்ச்சியின் விடைகள். காட்டுயிர் காட்டுக்கே உரியது, கூண்டு சிறை என்பர் ஒரு சாரார். பாலூட்டி வளர்த்த உயிரைச் சாக விடுவதா என்பர் மற்றொரு சாரார். விடுவித்தல் என்பது மனிதர் அளிக்கும் பரிசு என்ற எண்ணம் இரு தரப்புக்கும் பொது. விலங்கின் பக்கம் நின்று பார்த்தால் அது ஒரு கணிப்பு. இரை தேட முடியுமா, மனிதரைக் கண்டு விலகுமா, விடும் இடத்தில் அதற்கு வாழ இடமுண்டா, கணிப்பு தவறினால் இழப்பு யாருக்கு என்பவற்றைச் சார்ந்தது அது.

தாயிழந்த புலிக்குட்டிகளுக்கென்று தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் வகுத்த நெறிமுறை இக்கணிப்புக்கு ஓர் எண்ணைத் தருகிறது. குறைந்தது 2 ஆண்டு வளர்ப்பு; தனித்து வீழ்த்திய இரைகள் 50. உடற்குறை இருக்கக் கூடாது, மனிதரிடம் பழகியிருக்கவும் கூடாது. இந்நெறி வீண் கனவன்று. மத்தியப் பிரதேசத்தின் கான்ஹாவில் வளர்ந்த இரு பெண்புலிகள் 2011இல் பன்னா காட்டில் விடப்பட்டன. அவற்றுள் ஒன்று அங்கே குட்டிகளும் ஈன்றது. ஆயினும் இரைகளை எண்ணுவது எளிது. அச்சத்தை எண்ண முடியாது. வால்பாறைப் புலிக்காக மந்திரிமட்டத்தில் அமைக்கப்பட்ட அடைப்பின் பரப்பு 10,000 சதுர அடி. அதற்குள் தப்ப வழியில்லாத இரையை வீழ்த்துவதும், மலைச்சரிவில் கடமானைப் பதுங்கித் தொடர்வதும் ஒரே திறன் ஆகா. மேலும் வால்பாறை ஒரு தோட்ட நாடு. காடும் தேயிலையும் தொழிலாளர் லயன்களும் அங்கே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. மனித வாடைக்கு விலகாத புலியை அங்கே விட்டால், கணிப்பின் பிழைக்கு விலை கொடுப்பவர் கொழுந்து பறிக்கும் பெண்ணாக இருக்கலாம். ஐயம் தீராத நிலையில் விடாதிருப்பதே அறம். அதைத் தோல்வி என்று எழுதும் செய்தித்தாள்கள் அடுத்த முடிவைத்தான் கெடுக்கின்றன.

விலங்கு முழுத் தகுதியோடு இருந்தாலும் இடம் பிழைக்கலாம். அரிக்கொம்பன் அடைப்பில் வளர்ந்த யானையன்று. அதைப் பறம்பிக்குளத்துக்கு மாற்றலாம் என்ற வல்லுநர் குழுவின் பரிந்துரையை முதலமடைப் பகுதி மக்கள் எதிர்த்தனர். 2023 ஏப்ரல் 29 அன்று சின்னக்கானலில் பிடிக்கப்பட்டுப் பெரியார் காட்டில் விடப்பட்டது. ஒரு மாதம் முடியுமுன், மே 27 அன்று, கம்பம் நகரத் தெருக்களில் நின்றது. அங்கே காயமுற்ற ஒருவர் உயிரிழந்தார். ஜூனில் மீண்டும் பிடிக்கப்பட்டுக் களக்காடு முண்டந்துறைக் காட்டில், மேல்கோதையாற்றுப் பகுதியில் விடப்பட்டது. வரைபடத்தில் பச்சையாகத் தெரியும் இடமெல்லாம் யானைக்கு வீடாகிவிடாது.

புலிக்கும் யானைக்கும் குழு உண்டு, நெறிமுறை உண்டு, நீதிமன்றம் உண்டு. முயலுக்கு எதுவும் இல்லை. சின்னாற்றின் முட்புதர்க் காட்டிலும் அட்டப்பாடியின் வறண்ட கிழக்குச் சரிவுகளிலும் புல்லுக்குள் அசையாமல் கிடக்கும் முயல்குட்டியை யாரோ இரக்கத்தோடு எடுத்துச் செல்கிறார். தமிழும் மலையாளமும் முயல் என்ற ஒரே சொல்லால் இரு வேறு உயிர்களைக் குறிக்கின்றன. பிழையின் பாதி இங்கேதான் தொடங்குகிறது. கூண்டில் வளரும் முயல் ஐரோப்பிய வளைமுயலின் வழிவந்தது. மயிரின்றி, கண் திறவாமல் பிறப்பது. நம் காட்டுமுயல் வளை தோண்டுவதில்லை. அதன் குட்டி மயிரோடும் திறந்த கண்களோடும் பிறக்கும். தாய் அதைப் புல்லில் மறைத்துவிட்டு விலகியே இருக்கும். சிறிது நேரம் வந்து பாலூட்டிவிட்டுப் போகும். தனித்துக் கிடப்பதுதான் அக்குட்டியின் பாதுகாப்பு.

மீட்பு என்ற சொல் தனக்கு முன்னே ஓர் ஆபத்து இருந்ததாக எடுத்துக்கொள்கிறது. இங்கே ஆபத்து மீட்பவரோடுதான் வந்தது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இதை நன்கு அறிந்திருக்கிறது: வேட்டை என்பதன் பொருளுக்குள் பிடித்தலையும் அது சேர்த்தே வைத்திருக்கிறது. பசும்பாலும் கேரட்டும் கொடுத்துச் சில வாரம் வளர்த்தபின், இதை விடலாமா என்று கேட்பவரிடம் நல்ல விடை எதுவும் மிஞ்சுவதில்லை. நாயையும் மனிதரையும் அஞ்சாத முயல் வெளியே நெடுநாள் பிழைப்பது அரிது; அஞ்சும் முயலோ கூண்டிலேயே அதிர்ச்சியில் இறந்துபோகும்.

ஆகவே விடுவித்தல் பற்றிய முடிவு எடுக்கும் நாளிலேயே தொடங்க வேண்டும். உடற்குறை என்ன, எந்த இடத்துக்குத் திரும்பும், எந்நிலையில் திட்டம் கைவிடப்படும் என்பவற்றை முதல் வாரத்திலேயே எழுதி வைத்து, வனத்துறை பொதுவில் வெளியிடலாம். காட்டுயிரியல் துறைகளும் இக்கணக்கைக் கேட்டுப் பெறலாம்; விடப்பட்ட விலங்குகளின் பின்கதையைத் தொடரும் ஆய்வேடுகள் நம் பல்கலைக்கழகங்களில் இன்னும் பல வர வேண்டும். முயல்குட்டிக்கு அவ்வளவும் தேவையில்லை. காயமோ, நாய் கடித்த தடமோ இல்லையெனில், எடுத்த அதே புல்லில், அன்றே, இருட்டுமுன் வைத்துவிட்டு விலகிச் செல்லலாம். மனிதக் கை பட்டால் தாய் ஏற்காது என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. காயமிருந்தால் அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். வீட்டுக் கூண்டு இந்த இரண்டு வழியிலும் வராது.