சராசரிக்குள் மறையும் சேரி

கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. ஆனால், ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில் (2019-21) அந்தப் பெயரைத் தேடினால் கிடைக்காது. 2017இல் இருந்த 32 மாவட்டங்களை வைத்தே தமிழகத்தில் கணக்கெடுத்தார்கள். நம் பெண்களின் ரத்தசோகையும் நம் பிள்ளைகளின் எடைக்குறைவும் பழைய விழுப்புரத்தின் சராசரிக்குள் கரைந்துவிட்டன. மரக்காணம் கடற்கரையும் கல்வராயன் மலையும் அங்கே ஒரே எண்தான்.

அந்த மாவட்ட அறிக்கையில் சாதிவாரிக் கணக்கும் கிடையாது. 2011 கணக்கெடுப்பின்படி பழைய விழுப்புரம் மாவட்டத்தில் நூற்றுக்கு 29 பேர் பட்டியல் சாதியினர். மலையில் வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடிகள். ஊர், சேரி, மலை என்று தனித்தனியே பார்த்தால்தான் நோய் யார் வீட்டில் தங்குகிறது என்பது தெரியும்.

2024 ஜூனில் கருணாபுரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. இறந்தவர்களில் பலர் தலித் கூலித் தொழிலாளர்கள். கைதும் விசாரணையும் இழப்பீடும் செய்தியாயின. மெத்தனால் பார்வை நரம்பைத் தாக்கும் நஞ்சு. பிழைத்தவர்களில் எத்தனை பேருக்குப் பார்வை மங்கியது? எத்தனை பேர் மறுபடியும் கூலிக்குப் போக முடிந்தது? பெற்றோரை இழந்த பிள்ளைகள் படிப்பைத் தொடர்கிறார்களா? வழக்கு முடிந்த பிறகும் இந்தக் கேள்விகள் இருக்கும். ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து விடை தேட வேண்டியது ஆராய்ச்சியின் வேலை.

அதற்கான இடம் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. சிறுவங்கூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் முறைப்படி திறக்கப்பட்டது. தேசிய மருத்துவ ஆணையத்தின் பாடத்திட்டப்படி, எம்.பி.பி.எஸ். மாணவர்கள் கிராமக் குடும்பங்களைத் தத்தெடுத்து அவர்கள் உடல்நலத்தைக் கவனித்துவர வேண்டும். 150 மாணவர்கள், ஆளுக்கு மூன்று குடும்பம் என்று வைத்துக்கொண்டாலும் ஒவ்வோராண்டும் 450 வீடுகள். அவற்றில் கணிசமானவை காலனிகளிலும் மலைக் கிராமங்களிலும் இருக்கட்டும். மாணவர்களின் குறிப்புகள் மதிப்பெண்ணுக்கான நோட்டோடு முடிந்துவிடாமல் ஒரே முறையில் தொகுக்கப்படட்டும். கணக்கிடவும் விளக்கவும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் புள்ளியியல், சமூகவியல் துறைகள் கைகொடுக்கலாம்.

முன்மாதிரி வெகுதூரத்தில் இல்லை. கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே, தர்மபுரி மாவட்டத்துச் சிட்லிங்கியில் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1993இல் ஒரு குடிசையில் மருத்துவம் பார்க்கத் தொடங்கினார்கள். அப்போது அங்கே பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. அந்த ஊர்ப் பழங்குடிப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தார்கள். பின்னாளில் அந்த எண்ணிக்கை 20ஐ ஒட்டிக் குறைந்தது. சாவைக் கணக்கெடுத்ததால்தான் அது குறைந்ததும் தெரிந்தது. வீடுவீடாகப் போனவர்களும் அதே ஊர்ப் பெண்கள்தான்.

நம் மக்களுக்கு ஆய்வு என்றால் ஒரு சலிப்பு உண்டு. யாரோ வருவார், ரத்தம் எடுப்பார், படிவம் நிரப்புவார், பட்டம் வாங்குவார். ரத்தம் கொடுத்தவருக்கு முடிவு வந்து சேராது. ஆகவே இங்கே நடக்கும் ஆய்வுக்குச் சில நிபந்தனைகள் வேண்டும். களப்பணியில் சேரி இளைஞர்களும் மலையாளி இளைஞர்களும் சம்பளத்தோடு சேர்க்கப்பட வேண்டும். முடிவுகளைச் சமூகவாரியாகப் பிரித்து வெளியிட வேண்டும்; தனிநபர் பெயர் வெளியே வரக்கூடாது. எந்த ஊரில் எடுத்தார்களோ அந்த ஊர்க் கிராமசபையில் தமிழில் படித்துக்காட்ட வேண்டும்.

மாணவர்களே, இளநிலை மருத்துவம் படிப்பவர்களுக்கு ஐசிஎம்ஆர் குறுகிய கால ஆய்வு உதவித்தொகை தருகிறது. விண்ணப்பியுங்கள். சமூகவியலோ புள்ளியியலோ படிப்பவர்கள் உங்கள் திட்டக் கட்டுரைக்குச் சொந்தத் தெருவையே எடுத்துக்கொள்ளுங்கள். கரும்பு வெட்டப் போகும் அம்மாவுக்கு ஹீமோகுளோபின் எவ்வளவு என்பதும் ஆய்வுக்குரிய கேள்விதான்.

மற்றவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராமசபைகளில் கை உயர்த்திக் கேளுங்கள்: எங்கள் காலனியில் எத்தனை பெண்களுக்கு ரத்தசோகை? எத்தனை குழந்தைகள் எடை குறைந்து பிறந்தன? பதில் இல்லையென்றால், அந்தக் கணக்கை எடுக்கச் சொல்லித் தீர்மானம் எழுதவையுங்கள்.