மூன்று உருப்படிகளும் ஒரு சான்றிதழும்

"எங்கள் பிள்ளை பியானோவில் ஆறாந்தரம் சித்தி" என்கிறார்கள் பெற்றோர். ஏதாவது வாசிக்கச் சொல்லுங்கள் என்றால் மௌனம். பரீட்சைக்காகப் பழகியவை மூன்று உருப்படிகள். பெறுபேறு வருமுன்பே அவையும் மறந்துபோயின. நிலாவெளியிலிருந்து கொழும்பு வரை இதுதான் கதை. இதற்கு இசைக்கல்வி என்று பெயர் சூட்டுவதை நான் ஏற்கமாட்டேன்.

பழியை லண்டன்மீது போடுவது சுலபம். ஆனால் ஏ.பி.ஆர்.எஸ்.எம். சபையின் வழமையான செயன்முறைப் பரீட்சையில் 150 புள்ளிகளில் 90 உருப்படிகளுக்கே உரியவை. அவற்றைத் தெரிவுசெய்யும் மூன்று பட்டியல்களில் இரண்டாவது, பாடும் தன்மையும் உணர்ச்சி வெளிப்பாடும் கொண்டவற்றுக்கானது. அதில் ஒன்றை வாசித்தால் பரீட்சைக்குப் போதும். பிள்ளைக்குப் போதுமா? ஆண்டு முழுவதும் அந்த ஒன்றோடு நிறுத்தச் சொன்னது சபையல்ல, நாம்தான்.

ஐந்தாம், ஆறாம் தரத்தை எட்டிய பிள்ளையின் விரல்கள் ஓடப் பழகிவிட்டன, பாடப் பழகவில்லை. வாய்ப்பாட்டிலும் வயலினிலும் ஸ்வரத்தை அசைக்கலாம், வளைக்கலாம். பியானோவிலோ கட்டையை அழுத்திய கணமே ஒலி தேயத் தொடங்குகிறது. கமகம் கேட்டு வளர்ந்த நம் பிள்ளை இங்கே விரலின் பாரத்தாலும் பெடலாலும் ஸ்வரங்களுக்கிடையே விடும் மூச்சாலுமே பாடவேண்டும். வேக உருப்படிகள் மட்டும் இதைக் கற்பிக்கமாட்டா.

சோப்பின் 1839 இல் வெளியிட்ட ஈ மைனர் பிரெலூட் 25 தாளக்கட்டங்களே கொண்டது. வலக்கையில் எளிய மெட்டு. இடக்கையில் படிப்படியாக இறங்கும் ஸ்வரக்கூட்டு. ஸ்வரங்களை விரைவில் படித்துவிடலாம். இடக்கையை அடக்கி, மெட்டை அதன்மேல் மிதக்கவிடுவதுதான் கல்வி. கிரீக் 1867 முதல் 1901 வரை பத்துத் தொகுதிகளில் 66 சிறு உருப்படிகளை வெளியிட்டார். முதல் உருப்படியின் மெட்டே கடைசியில் வால்ட்ஸாகத் திரும்பி வருகிறது. ஷூமான் 1848 இல் இளையோருக்கென எழுதிய தொகுதியில் 43 உருப்படிகள் உள்ளன. இவற்றின் பழைய பதிப்புகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பணமில்லை என்ற சாட்டு இங்கே செல்லாது.

சான்றிதழ் பிள்ளையின் எதிர்காலத்திற்கு உதவும் என்பர். உதவட்டும். ஒரு தரத்திற்கும் அடுத்த தரத்திற்கும் இடையில் ஓராண்டு விட்டால் எந்த எதிர்காலம் கெட்டுவிடும்? அந்த ஆண்டில் இத்தகைய பத்து உருப்படிகளைப் பழகி, நாலுபேர் முன்னிலையில் வாசிக்கட்டும்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. பார்டோக் கிராமங்களில் சேகரித்த குடியானவர் பாடல்களை 1908-1909 காலத்தில் பிள்ளைகளுக்கான பியானோ உருப்படிகளாக்கினார். நமது கரையோரத்தில் கரைவலை இழுப்போரின் அம்பாப் பாட்டு உண்டு. வீடுதோறும் தாலாட்டு உண்டு. அவற்றை நம் மாணவரின் விரலுக்கு ஏற்ப எழுதித்தர ஏன் தயங்குகிறோம்? அதற்கு லண்டனிலிருந்து பாடத்திட்டம் வரவேண்டுமா?

சுவரில் தொங்கும் சான்றிதழ் பாடாது. பிள்ளை பாடவேண்டும்.