பறவைகள் யாருக்குச் சாட்சி?

தஞ்சோங் ரம்புத்தான் முதலிய கிந்தாப் பகுதி ஊர்களில் விவாக மேடையேறும் பெரியோர் சிலருக்கு ஒரு வழக்கமுண்டு. மணமகனுக்கு வாழ்த்து, மணமகளுக்கு உபதேசம்! முன்னே அன்றிலைக் காட்டினர். இப்பொழுது பேராக் காட்டு இருவாய்ச்சியையும், பனிக்கடற் பெங்குவினையும் காட்டி, "கற்பைப் பறவையிடம் கற்றுக்கொள், அம்மா" என்கின்றனர். இளங் கைம்பெண்ணின் மறுமணப் பேச்சு எழுந்தாலோ, அப்பொழுதும் அதே பறவைகள்தாம். சாட்சிக் கூண்டில் அவற்றை ஏற்றியவர் அவர்களே. ஆதலின் குறுக்கு விசாரணை செய்ய நமக்கு உரிமையுண்டு.

இருவாய்ச்சிப் பெட்டை மரப்பொந்தினுட் புகுந்து, வாயிலை அடைத்துக்கொண்டு மாதக்கணக்காய் உள்ளிருப்பது உண்மையே. ஆனால், எச்சத்தையும் மண்ணையும் குழைத்து அவ்வாயிலைப் பூசுவது பெரும்பாலும் பெட்டைதான். அது சிறையன்று, முட்டைக்கும் குஞ்சுக்கும் அரண். காலம் வந்ததும் அதனை உடைத்து வெளிவருவதும் அப்பெட்டையே. அதுவரை சேவலின் வேலை என்ன? காடெல்லாம் அலைந்து அத்திப்பழம் கொணர்ந்து, சிறு துளை வழியே ஊட்டுவது. சம்பளத்தைக் குடித்தழித்து வெறுங்கையோடு வீடு திரும்பும் இருவாய்ச்சிச் சேவலை எந்நூலிலும் நாம் கண்டோமில்லை!

இனி, எம்பரர் பெங்குவினை விசாரிப்போம். பெட்டை ஒரே முட்டையிட்டு, இரைதேடிக் கடலுக்குப் போய்விடும். சேவலோ அண்டார்டிகாவின் கொடுங்குளிரில் அம்முட்டையைக் காலின்மேல் ஏந்தி, ஏறத்தாழ 65 நாள் பட்டினியாய் அடைகாக்கும். அப்பருவம் முழுவதும் இருவரும் ஒரு குஞ்சுக்காகவே உழைப்பர். எனினும் மறு ஆண்டில் பெரும்பாலானவை வேறு துணையே கொள்கின்றன. நிலையான கூடில்லாமையால் பழைய துணையைக் காண்பது அரிது, காத்திருக்கவும் பொழுதில்லை. மறுமணத்தைத் தடுக்க அழைத்துவந்த சாட்சி கூறுவது இது! மேடையில் இதனையும் சொல்வார்களா?

பாதியை மறைப்பது புதிதுமன்று. 1911-12இல் அடேலிப் பெங்குவின்களை ஆராய்ந்த ஆங்கில மருத்துவர் லெவிக், அவற்றின் புணர்ச்சி வழக்கங்களைக் குறித்தெழுதினார். 1915இல் அது 100 பிரதிகள் மட்டும், வெளியிடற்குரியதன்று என்ற குறிப்போடு அச்சாயிற்று. பொதுமக்கள் பார்வைக்கு வந்தது 2012இல்தான்.

உள்ளபடி, பறவை மனிதருக்கு நீதிநூல் அன்று. மனிதர் ஒழுங்கை மனிதரே ஆக்கவேண்டும். இந்நாட்டில் இந்து வழக்கப்படி ஓர் ஆடவன் பல மனைவியரைக் கொள்ளத் தடையில்லாத காலமுண்டு. 1976இல் இயற்றப்பெற்று, 1982 மார்ச்சு 1 முதல் நடைமுறைக்கு வந்த திருமண, மணவிலக்குச் சட்டமே முஸ்லிமல்லாதார்க்கு ஒருதார மணத்தை விதித்தது. அதற்கு முன் இரண்டாந்தாரம் தேடிய கணவனின் மணமேடைக்கு இருவாய்ச்சியை அழைத்துவந்த பெரியவர் யார் என்று கேட்கிறோம்.

பெண்ணுக்கு மட்டும் பாடஞ் சொல்லும் பறவை காட்டிலுமில்லை, கடலிலுமில்லை. நம் ஆடவர் நாவில்தான் இருக்கிறது. கைம்பெண்ணுக்கு மறுமணம் தகுமா என்று பறவையைக் கேட்டது போதும். இனி அவளைக் கேளுங்கள்.