வீட்டின் இன்னொரு வாசல்



இன்று நம் இல்லங்கள் பலவற்றுக்கும் இரண்டு வாசல்கள். ஒன்று தெருவாசல், மற்றொன்று வைஃபை ரவுட்டர் என்னும் சிறு பெட்டி. தெருவாசலுக்குப் பூட்டு வாங்கும்போது பன்முறை யோசிக்கும் நாம், இதனை மட்டும் விலை ஒன்றையே பார்த்து வாங்கிவிடுகிறோம்.

வாங்குமுன் இரண்டு கேள்விகள் கேளுங்கள். 2018-இல் அறிமுகமான டபிள்யூ.பி.ஏ.3 என்னும் பாதுகாப்பு முறை இதில் உண்டா? இதன் மென்பொருளை எத்தனை ஆண்டுகள் புதுப்பித்துத் தருவார்கள்? புதுப்பிப்பு நின்றுபோன பெட்டி, துருவேறிய பூட்டுக்குச் சமம்.

வாங்கியபின் இரும்புப் பீரோவின் மறைவில் வைக்காதீர்கள். வீட்டின் நடுவே, சற்று உயரத்தில் வையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர்களைக் கடந்து தொலைவு செல்லும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை விரைவானது, ஆனால் சுவர்களுக்கு அப்பால் விரைவில் தளர்ந்துவிடும். பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை அன்றே மாற்றிவிடுங்கள்.

பூட்டு நல்லதாயினும், வாசலை அடைக்கும் வேளையை அறிய வேண்டாமா? மாலையில் செபமாலைக்கு அழைத்தால், "இதோ வருகிறேன்" என்ற குரல் வருகிறது, பிள்ளை வருவதில்லை. குறித்த நேரத்தில் இணைப்பை நிறுத்தும் வசதி பல ரவுட்டர்களில் உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். ஆயினும் கைப்பேசியின் சொந்த இணைப்பு அதனால் நிற்காது. ஆகவே, முதலில் தந்தையின் கைப்பேசி அணைக்கப்பட்டு, திருவுருவத்தின் முன் வைக்கப்படட்டும். அதைக் காணும் பிள்ளைகளை இருமுறை அழைக்க வேண்டியிராது.