கல்லடைப்புக்கு எந்தப் படம்?

தூத்துக்குடி உப்பளத்திலே போதிய குடிநீரும் கழிப்பிடமுமின்றி வெயிலில் வேகும் தொழிலாளிக்குச் சிறுநீரகத்தில் கல் உண்டாவதில் வியப்பென்ன? ஆலையிலும் வயலிலும் வியர்வை சிந்தும் நமக்கும் இதே கதிதான்.

விலாவில் வலி வந்ததும் சி.டி. ஸ்கேனுக்குக் கடன் வாங்கி ஓடுகிறோம். முதலில் அல்ட்ராசவுண்ட் போதும். செலவு குறைவு, கதிர்வீச்சில்லை, கர்ப்பிணிக்கும் ஏற்றது, நீரடைத்துச் சிறுநீரகம் வீங்கினால் காட்டிவிடும். 2014-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் 2,759 நோயாளிகளைப் பார்த்தார்கள். முதலில் அல்ட்ராசவுண்ட் எடுத்தவர்களுக்கு ஆபத்து கூடவில்லை. பாதிக்கு மேற்பட்டோருக்குச் சி.டி. தேவைப்படவேயில்லை.

சிறு கல் அதற்குத் தப்பலாம். சந்தேகம் தீராவிட்டால் சி.டி.யே துல்லியம். காய்ச்சலோடு நீரடைத்தால் உயிருக்கே ஆபத்து. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

அளத்தில் தண்ணீர், நிழல், கழிப்பிடம்! சர்க்கார் ஆஸ்பத்திரியில் இரவும் பகலும் இலவச ஸ்கேன்! இது பிச்சையல்ல, நமது உரிமை.