நீர் அடிக்கும், கல் தாங்குமா?

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணி. திருமலையில் தரிசனம் நிறுத்தப்பட்டிருக்கிறது. மூலவரைத் துணியால் மூடிவிட்டு, பூஜைப் பாத்திரங்களை வெளியே எடுத்து வைத்துவிட்டு, கருவறைச் சுவரிலிருந்து தங்க வாசல் வரையிலும் அதற்கு அப்பாலும் அர்ச்சகர்களும் ஊழியர்களும் நீர் விட்டுக் கழுவுகிறார்கள். பிறகு நாமக்கட்டி, ஸ்ரீசூர்ணம், கஸ்தூரி மஞ்சள், பச்சைக் கற்பூரம், சந்தனப் பொடி, குங்குமம், கிச்சிலிக் கிழங்கு எல்லாம் கரைத்த 'பரிமளம்' சுவர்களில் தெளிக்கப்படுகிறது. நண்பகல் வாக்கில் வரிசை மீண்டும் நகர ஆரம்பிக்கும். உகாதி, ஆணிவார ஆஸ்தானம், பிரம்மோத்சவம், வைகுண்ட ஏகாதசி என்று ஆண்டுக்கு நான்கு தடவை, ஒவ்வொன்றுக்கும் முந்தைய செவ்வாயன்று நடக்கும் இந்தச் சடங்குக்கு 'கோயில் ஆழ்வார் திருமஞ்சனம்' என்று பெயர். இங்கே ஆழ்வார் என்பது கோயிலேதான். கட்டடத்தையே ஓர் அடியாராக பாவித்துக் குளிப்பாட்டுகிறார்கள்.

மலைக்குக் கீழே திருப்பதி ஊருக்குள்ளும் கட்டடங்கள் குளிக்கின்றன. அங்கே மந்திரம் இல்லை, மோட்டார்தான். லாட்ஜ்கள், கல்யாண மண்டபங்கள், மடங்களின் சத்திரங்கள், ஆஸ்பத்திரிகள், ஏசிபி ஷீட் ஒட்டிய கடை முகப்புகள் என்று யாத்திரிகர் கூட்டத்தை நம்பி நிற்கும் ஊருக்கு வெளிச்சுவர்தான் முதல் விளம்பரம். பாசி படிந்த மாடிக் கைப்பிடிச் சுவரைப் பார்த்துவிட்டு அறை எடுக்கிற குடும்பம் குறைவு. புரட்டாசி பிரம்மோத்சவத்துக்கு முன்னால் பெயின்டர்கள் கிடைக்கமாட்டார்கள். பெயின்ட் அடிக்கும் முன் சுவரைக் கழுவித் தர வேண்டியவர்களும் அப்படித்தான்.

இந்தத் தொழிலின் மூதாதை நெடுஞ்சாலையில் இருக்கிறது. சென்னையிலிருந்து பெங்களூர் போகும் பழைய சாலை சித்தூர் வழியே செல்கிறது. அதன் ஓரத்தில் சிமென்ட் மேடை, ஒரு தொட்டி, பம்ப், நீண்ட ரப்பர் ஹோஸ், 'வாட்டர் சர்வீஸ்' என்று தெலுங்கிலும் தமிழிலும் எழுதிய பலகை. லாரியின் அடிவயிற்றுச் சேற்றை அடித்து விரட்டிய அதே தத்துவம்தான் இப்போது சக்கரம் வைத்த சின்ன இயந்திரத்துக்குள் புகுந்து மாடிப்படி ஏறியிருக்கிறது. இதை உலகச் சரக்காக்கியவர்கள் ஜெர்மானியர்கள். 1935-இல் ஸ்டுட்கார்ட்டில் ஆல்ஃப்ரெட் கார்ஷர் தொடங்கிய நிறுவனம், 1950-இல் சுடுநீரை அழுத்தத்தில் பீய்ச்சும் இயந்திரத்தை வெளியிட்டது. இன்று அந்தப் பெயர் பல நாடுகளில் இயந்திரத்துக்கே பெயராகிவிட்டது, ஜெராக்ஸ் மாதிரி.

கணக்கு எளிமையானது போலத் தோன்றும். வீட்டு உபயோக இயந்திரம் சுமார் 100 முதல் 130 பார் அழுத்தம் தரும். தொழில்முறை இயந்திரம் 150, 200 என்று போகும். கார் டயருக்குள் இருப்பது இரண்டு பார் சொச்சம்தான் என்பதை நினைத்தால் அளவு புரியும். நுனியில் மாட்டும் நாசில்கள் நிறம் பிரித்து வருகின்றன: சிவப்பு ஊசி போல நேராக அடிக்கும், மஞ்சள் 15 டிகிரி, பச்சை 25, வெள்ளை 40 என்று விசிறி அகன்றுகொண்டே போகும். விசிறி அகல அகல அடியின் வேகம் தணியும். அதே நாசிலை ஒரு சாண் தூரத்தில் பிடிப்பதற்கும் ஒரு முழத் தூரத்தில் பிடிப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். தொழிலில் கைப்பக்குவம் என்பதே இந்தச் சாணுக்கும் முழத்துக்கும் நடுவில் இருக்கிறது. புதுப் பையன் சிவப்பு நாசிலை மாட்டி, கறை சட்டென்று போகிறதே என்று மகிழ்ந்துபோய் சுவரில் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு வருவான். மறுநாள் காய்ந்ததும் கோடு கோடாகத் தெரியும்.

தண்ணீர் இன்னொரு கணக்கு. நிமிடத்துக்கு பத்து லிட்டர் எடுக்கும் இயந்திரம் ஆறு மணி நேரம் ஓடினால் 3,600 லிட்டர். திறந்துவிட்ட சாதாரண ஹோஸ் பைப்பைவிட இது குறைவு. ஆனால் பழைய சித்தூர் மாவட்டத்தின் மேற்கு மண்டலங்களில் ஆயிரம் அடி போர் போட்டும் புழுதி பறக்கப் பார்த்தவர்களிடம் இந்த வாதம் எடுபடாது. டிராக்டர் டாங்கரில் தண்ணீர் வாங்கும் அபார்ட்மென்ட் சங்கம், முற்றத்தில் ஓடும் நீரைப் பார்த்துக்கொண்டே பில்லில் பேரம் பேசும். கோடையில் வேலை உண்டு, தண்ணீர் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் உண்டு, பாசியும் உண்டு, ஆனால் மழைக்கு நடுவே சாரம் கட்ட முடியாது. போர் தண்ணீரின் உப்பு வேறு, கழுவிய கண்ணாடியில் வெள்ளைப் பொட்டு வைத்துவிட்டுப் போகும். சோலார் தகடு கழுவ அழைக்கிறவர்களுக்கு இது பெரிய தலைவலி. அந்தத் தகடுகளில் அதிக அழுத்தம் கூடவே கூடாது. விளிம்பு சீல் விட்டால் தகடே போச்சு. மெல்லிய பிரஷ்ஷும் உப்பில்லாத நீரும் போதும்.

மாங்காய் சீசனில் சித்தூர் பக்கம் வேறு வகை அழைப்பு. கிளிமூக்கு என்று தமிழரும் தோத்தாபுரி என்று மற்றவர்களும் சொல்லும் மாம்பழம் கூழாகிற தொழிற்சாலைகளில் தரையும் வடிகாலும் வண்டி நிறுத்தும் இடமும் பிசுபிசுவென்று ஒட்டும். குளிர்ந்த நீர் சர்க்கரைப் பிசினைத் தள்ளி வைக்கும், சுடுநீர்தான் கரைக்கும்.

2021 நவம்பரில் இயற்கையே ஒரு பெரிய ஆர்டர் கொடுத்தது. மூன்று நாள் மழையில் திருப்பதியின் தெருக்கள் ஆறாகி, மலைப்பாதைகளில் பாறைகள் உருண்டு, வீடுகளுக்குள் சேறு புகுந்தது. இந்த மாதிரிச் சமயத்தில் காயும் முன் கழுவிய வீட்டுக்கும் காய்ந்த பின் கழுவிய வீட்டுக்கும் உழைப்பு இரண்டு மடங்கு வித்தியாசப்படும். ஆனால் மின்சார ஒயர் நனைந்து கிடக்கிற வீட்டில் மோட்டாரைப் போடுகிறவன் அசட்டுத் துணிச்சல்காரன். எர்த் இல்லாத பிளக், ஒட்டுப்போட்ட ஒயர், காலடியில் தண்ணீர் என்று உயிர் போகும் வழி மூன்றும் இந்தத் தொழிலில் ஒரே இடத்தில் கூடும். அடுத்தது, கண்ணுக்குத் தெரியாத காயம். பீய்ச்சும் நீர் தோலைத் துளைத்தால் வெளியே குண்டூசி முனை அளவு புள்ளிதான் தெரியும், உள்ளே சதை கிழிந்து அழுக்கு நீர் புகுந்திருக்கும். பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தால் விரல் போகலாம். உடனே சர்ஜனிடம் ஓட வேண்டிய சமாச்சாரம் அது. மூன்றாவது ஆபத்து பாட்டிலில் வருகிறது. டைல்ஸ் கறைக்கு ஆசிட், பாசிக்கு பிளீச்சிங். தனித்தனியாக இரண்டும் வழக்கமானவை. ஒரே சுவரில், ஒரே மதியத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக ஊற்றினால் கிளம்புவது குளோரின் வாயு. மூடிய மாடிப்படியில் அது நடந்தால் ஓடக்கூட நேரமிருக்காது.

இவ்வளவையும் பழகிக்கொண்டு, ஒரு வேனும் இரண்டு பையன்களுமாகத் தொழில் ஓரளவு நிலைத்த பிறகுதான் அந்த அழைப்பு வரும். ஏதோ ஒரு கிராமத்துப் பழைய கோயில். கும்பாபிஷேகம் நெருங்குகிறது. மண்டபத் தூண்களில் தலைமுறை தலைமுறையாக அடித்த சுண்ணாம்பு, எண்ணெய்ப் பிசுக்கு, விளக்குப் புகை. "கல்லுதானே, நல்லா அடிச்சு விடுப்பா" என்பார் தர்மகர்த்தா. கல்தான். ஆனால் வெறும் கல் அல்ல.

தமிழ்நாடு இதை முன்பே அனுபவித்துவிட்டது. கோயில் கல்லைப் புதுசாக்குகிறோம் என்று காற்றழுத்தத்தில் மணலை வீசி அடித்தார்கள். சுண்ணாம்பு போயிற்று, கூடவே கல்லின் மேல் தோலும் போயிற்று. சிற்பங்களின் மூக்கும் விரல் நகமும் மழுங்கின, கல்வெட்டு எழுத்துகள் தேய்ந்தன. வரலாற்று ஆர்வலர்கள் கூப்பாடு போட்ட பிறகே மணல் வீச்சுக்குத் தடை வந்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் மாதம் கோயில்களையும் தொன்மைச் சின்னங்களையும் பாதுகாக்க 75 உத்தரவுகளைப் பிறப்பித்தது. நீர் மணலைவிடச் சாது என்பது உண்மை. ஆனால் 150 பாரில் அடிக்கும் நீர் சாது அல்ல. வெயிலிலும் மழையிலும் மேல் தோல் உரியத் தொடங்கிய கருங்கல்லில் அந்த உரிந்த தோலை முழுசாகக் கழற்றிவிடும். கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலிருக்கும் சுண்ணாம்புச் சாந்தைத் தோண்டி எடுக்கும். கோபுரத்துச் சுதை பொம்மைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். விரிசலுக்குள் தண்ணீர் ஏற்றுவது இன்னும் மோசம். விரிசல் என்றால் என்ன என்பது அந்தப் பகுதிக்குத் தெரியும்: கிருஷ்ணதேவராயர் 1516-இல் கட்டிய காளஹஸ்தி ராஜகோபுரம் விரிசல் கண்டு, 2010 மே 26-ஆம் தேதி இரவு சரிந்து விழுந்தது.

எழுத்து போனால் என்ன போகும் என்பதற்கும் திருமலையே சாட்சி. பல்லவ குலத்துச் சாமவை என்கிற காடவன் பெருந்தேவி வெள்ளித் திருமேனி செய்து கொடுத்ததும், நிலம் எழுதி வைத்ததும் அங்கே கல்லில் இருக்கிறது, தமிழில். திருமலை, திருப்பதிக் கல்வெட்டுகளில் பெரும்பகுதி தமிழ்தான். சாது சுப்பிரமணிய சாஸ்திரி அவற்றைப் படியெடுத்துப் படித்ததால் 1930-களில் தேவஸ்தானமே தொகுதிகளாக வெளியிட்டது. கருவறைப் புறச்சுவருக்குத் தங்கத் தகடு போர்த்தும் திட்டத்தைப் பின்னாளில் தேவஸ்தானம் எடுத்தபோது, கல்வெட்டுகள் மறைந்து பாழாகும் என்று வழக்குப் போட்டார்கள். ஆந்திர உயர் நீதிமன்றம் திட்டத்தைத் தடுத்தது. திருமலைக் கல்வெட்டாவது புத்தகத்தில் இருக்கிறது. பெயர் தெரியாத கிராமத்து மண்டபத்தில் சுண்ணாம்புக்கு அடியில் இருப்பதை இன்னும் யாரும் படித்திருக்கவே மாட்டார்கள்.

அப்படியானால் கழுவவே கூடாதா? கழுவலாம். கார்ஷர் நிறுவனம் ரியோ டி ஜெனிரோவின் கிறிஸ்து சிலையை 1980-இலும், அமெரிக்காவின் ரஷ்மோர் மலை முகங்களை 2005-இலும் சுத்தம் செய்தது. ரஷ்மோரில் ரசாயனம் தொடவில்லை. சுடுநீரால் பாசியைத் தளர்த்தினார்கள். அதற்கு முன் கல்லைச் சோதித்தார்கள். இந்தியத் தொல்லியல் துறையின் வழி இன்னும் நிதானமானது: நீர்த்த அம்மோனியா, மிதமான சோப்பு, நைலான் பிரஷ், கல்லுக்குள் ஊறிய உப்பை உறிஞ்ச ஈரக் காகிதக் கூழ்ப் பூச்சு. தாஜ்மகாலின் பளிங்குக்கு 1994 முதல் முல்தானி மிட்டியைப் பூசி உரித்துவருகிறார்கள், கல்யாணப் பெண்ணுக்குப் போடுவதுபோல.

சிக்கல் இயந்திரத்தில் இல்லை, பில்லில் இருக்கிறது. வேலை சதுர அடிக் கணக்கில் பேசப்படுகிறது. லாட்ஜ் சுவருக்கு அது நியாயம். மண்டபத் தூணுக்கு அது விபரீதம். பிரஷ் பிடித்து ஒரு தூணுக்கு இரண்டு நாள் உட்காருகிறவனுக்கும், சிவப்பு நாசிலில் அரை மணியில் முடிக்கிறவனுக்கும் ஒரே ரேட். கும்பாபிஷேகத் தேதி அச்சடித்த பத்திரிகை வேறு ஊரெல்லாம் போய்விட்டது. வேண்டாம் என்று ஒருவர் விலகினால், நெடுஞ்சாலை வாட்டர் சர்வீஸிலிருந்து அடுத்தவர் பம்பைக் கழற்றிக்கொண்டு வந்துவிடுவார், பாதி ரேட்டுக்கு.

பழைய காலம் இதற்கு வேறு ஏற்பாடு வைத்திருந்தது. திருவலகு, திருமெழுக்கு என்று கோயிலைப் பெருக்கவும் மெழுகவும் ஆள் வைத்து, அவர்கள் பிழைப்புக்கு நிலம் எழுதி, அந்தத் தகவலையும் கல்லில் வெட்டினார்கள். அளந்து கூலி தரவில்லை. ஆண்டு முழுவதும் சோறு போட்டார்கள். அப்பர் கையில் இருப்பதும் புல் செதுக்கும் உழவாரம்தான்.

விஷயம் தெரிந்த தொழிலாளி இன்றைக்குச் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. எழுத்தோ சிற்பமோ இருக்கும் முகத்தை விட்டுவிட்டு தரை, படி, வெளி மதில் ஆகியவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். சுண்ணாம்புக்குக் கீழே எழுத்து தெரிந்தால் வேலையை நிறுத்தி, படம் எடுத்து, தொல்லியல் துறைக்குச் சொல்லும்படி தர்மகர்த்தாவிடம் கேட்கலாம். நாள் கூலிக்குப் பேசலாம். முதலில் கண்ணில் படாத மூலையில் ஒரு சதுர அடியை வெள்ளை நாசிலில், குறைந்த அழுத்தத்தில், ஒரு முழம் தள்ளி நின்று கழுவிப் பார்க்கலாம். கழுவிய நீரை ஒரு வெள்ளை பக்கெட்டில் பிடித்து, வெயிலில் வைத்து, தெளிந்ததும் கையை விட்டுத் தடவ வேண்டும். பக்கெட்டின் அடியில் வழுவழுவென்று கரி மட்டும் இருந்தால் சரி. நறநறவென்று மணல் தட்டினால் அது அழுக்கல்ல, தூண்.