வெள்ளையெல்லாம் உப்பாகுமா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது நம் நாட்டுப் பழமொழி. மலைமீது அமர்ந்து தம் சீடர்களுக்கு உபதேசித்த இயேசு பெருமானும் இந்த உப்பையே உவமையாக எடுத்தாண்டார். தம்மைப் பின்பற்றுகிறவர்கள் உலகத்திற்கு உப்பாக இருக்க வேண்டும் என்றும், சாரம் போன உப்பு காலில் மிதிபடுவதற்கே உதவும் என்றும் அவர் கற்பித்ததை மத்தேயு தம் நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்தில் எழுதி வைத்துள்ளார்.

இங்கே வேதியியல் மாணவனுக்கு ஓர் ஐயம் எழுவது இயல்பு. சோடியம் குளோரைடு எவ்வாறு சாரம் இழக்கும்? அது நிலையான சேர்மம் ஆயிற்றே! பத்தாண்டுகள் பானையில் கிடந்தாலும் உப்பு உப்பாகத்தானே இருக்கும்? அப்படியானால் உவமை பிழையா?

பிழையன்று. பாலஸ்தீன நாட்டில், சாக்கடல் ஓரத்தில் அக்காலத்து மக்கள் அள்ளிய உப்பு, நாம் கடையில் வாங்கும் தூய உப்பைப் போன்றதன்று. ஜிப்சமும் மண்ணும் பிற பொருள்களும் கலந்தது. அதன்மேல் ஈரம் பட்டுக்கொண்டே இருந்தால், எளிதில் கரையும் சோடியம் குளோரைடு கரைந்து ஓடிவிடும். எளிதில் கரையாத ஜிப்சமும் மண்ணும் எஞ்சி நிற்கும். பார்வைக்கு அதே வெள்ளைக் குவியல். நாவில் வைத்தாலோ கரிப்பு இல்லை. விவிலிய விளக்கவுரையாளர் பலர் இவ்வாறு பொருள் கூறுவர்.

அன்புமிக்க ஆசிரியப் பெருமக்களே, மாணவ நண்பர்களே! நம்முடைய கிறிஸ்தவ பக்தி இன்று உப்பாக இருக்கிறதா, அல்லது அந்த வெள்ளைக் குவியலாக இருக்கிறதா? இவ்வொரு கேள்வியை உங்கள்முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஞாயிறும் திங்களும்

பக்தியின் அடையாளங்களுக்கு நம்மிடம் குறைவில்லை. ஞாயிறு காலையில் ஆலய மணி ஒலிக்கிறது; வெள்ளை வேட்டியும் பட்டுச் சேலையுமாக மக்கள் திரள்கின்றனர். உபவாசக் கூட்டங்கள், கன்வென்ஷன் பந்தல்கள், வீட்டு நிலைக்குமேல் வசனப் பலகைகள், பேருந்தின் முகப்பில் வசனங்கள், கைப்பேசியில் நாள்தோறும் வந்து விழும் வாக்குத்தத்தங்கள்! இவற்றை நான் பழிக்கவில்லை. இவையெல்லாம் குவியலின் வெண்மை. கரிப்பு இருக்கிறதா என்று நாவில் வைத்துப் பார்க்கும் நாள் திங்கட்கிழமை. கடைக்காரர் தராசைத் தூக்குவதும், முதலாளி கூலி எண்ணுவதும், எழுத்தர் கோப்பைத் திறப்பதும், மாணவன் தேர்வறைக்குள் நுழைவதும் அன்றைக்குத்தான்.

வரி வசூலிக்கும் சகேயு என்பவனின் வரலாறு லூக்கா நற்செய்தியின் 19ஆம் அதிகாரத்தில் உள்ளது. இயேசு அவன் வீட்டுக்கு விருந்தினராக வந்தார். மகிழ்ந்துபோன சகேயு என்ன செய்தான்? பாட்டுப் பாடினானா? கோபுரம் கட்டினானா? தன் சொத்தில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாகவும், அநியாயமாய் வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் சொன்னான். அவனுடைய பக்தி முதன்முதலில் தொட்ட இடம் அவனுடைய கணக்குப் புத்தகமே!

மாயூரத்து முன்சீப்

இப்படி வாழ்வது நடக்கக்கூடியதா என்று கேட்பவர்களுக்கு நம் தமிழ் மண்ணிலேயே சான்று உண்டு. தமிழின் முதல் நாவலாகிய ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ (1879) எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளையை (1826-1889) நாம் இலக்கியப் பாடத்தில் மட்டுமே அறிகிறோம். அவர் கத்தோலிக்க கிறிஸ்தவர். மாயூரத்தில் மாவட்ட முன்சீபாக இருந்தவர். சட்டம் எளிய மக்களுக்கும் புரிய வேண்டும் என்று நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கி 1862இல் நூலாக வெளியிட்டார். லஞ்சத்தைக் கண்டித்து எழுதினார். பெண் கல்விக்காக வாதாடினார். எல்லாச் சமயத்தாரும் ஒன்றாகப் பாடத்தக்க சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளை இயற்றினார்.

1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம் தென்னாட்டை வாட்டியது. பசித்து வந்தவர்களுக்கு அவர் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டுக் கஞ்சி வார்த்தார். ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’ பாடிய சிவபக்தர் கோபாலகிருஷ்ண பாரதியார் அந்தக் கொடையைக் கண்டு உள்ளம் உருகி அவர்மீது கீர்த்தனை பாடினார். ஒரு சைவப் பெருங்கவிஞர் ஒரு கிறிஸ்தவரைப் பாடக் காரணமாக இருந்தது எது? சமய வாதமா? இல்லை, கஞ்சித் தொட்டி! உப்பின் இயல்பும் இதுவேயாகும். மீனில் இட்ட உப்பு மீனை உப்பாக மாற்றுவதில்லை. நீரை வெளியே இழுத்து, கிருமி வளர இடங்கொடாமல் செய்து, மீனை மீனாகவே கெடாமல் காக்கிறது. பல சமயத்தார் ஒன்றாய்ப் படிக்கும் நம்முடையதைப் போன்ற கல்லூரியில் ஒரு கிறிஸ்தவ மாணவனின் கடமை இதுவன்றி வேறென்ன?

பெரியவர்களைப் பற்றிச் சொல்லும்போது, பக்தி என்பது ஆண்களும் பதவியில் இருப்பவர்களும் மட்டுமே செய்யக் கூடியது என்று எண்ணிவிட வேண்டாம். நெல்லைச் சீமைக் கிறிஸ்தவக் குடும்பங்களில் கைப்பிடி அரிசி என்றொரு வழக்கம் உண்டு. உலை வைக்கும் முன் தாய் ஒரு பிடி அரிசியை அள்ளித் தனிக்கலயத்தில் போடுவாள். அது சேர்ந்ததும் ஊழியத்திற்குப் போகும். மிசோரம் மாநிலத்துக் கிறிஸ்தவர்களிடமும் இவ்வழக்கம் 1910 முதல் வேரூன்றியுள்ளது. அரிசி மிகுந்த வீட்டில் எடுப்பதைப் பற்றி நான் சொல்லவில்லை. குறைந்த வீட்டிலும் எடுத்தார்களே, அதைச் சொல்கிறேன். அங்கே சமையற்கட்டே ஆலயமாயிற்று.

ஆலயத்தின் நடுவே ஒரு சுவர்

உப்பு கரைந்தோடிய கதையும் நம் மண்ணில் உண்டு. திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த திருக்குடும்ப ஆலயத்தில் பீடம் ஒன்று. மக்கள் அமரும் கூடங்களோ இரண்டு. நடுவே சுவர்! ஒரே அப்பத்தை உண்ணுகிறவர்கள், ஒரே பிதாவை நோக்கி ஜெபிக்கிறவர்கள், ஒருவரையொருவர் பாராதிருக்கச் சாதி எழுப்பிய சுவர் அது. 1910இல் அச்சுவர் அகற்றப்பட்டது. பிரிவினை வேண்டும் என்றவர்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரை வழக்காடியும் வெற்றி பெறவில்லை.

செங்கல் சுவர் போய் நூறாண்டுகளுக்கு மேலாகிவிட்டது. மனச்சுவர் போயிற்றா? மணமகள் தேவை என்ற விளம்பரங்களைப் பாருங்கள். ‘கிறிஸ்தவக் குடும்பம்’ என்ற சொல்லுக்கு அடுத்த சொல்லாகச் சாதிப்பெயர் அமர்ந்திருக்கும். இரட்சிக்கப்பட்ட, ஜெபிக்கிற பெண் வேண்டும். ஆனால் நம் சாதியாக இருக்க வேண்டும். நகையும் ரொக்கமும் வேண்டும்! வரதட்சணைத் தடைச் சட்டம் 1961லேயே வந்துவிட்டது. சட்டத்திற்கு அஞ்ச வேண்டாம். திருமணத்தன்று பீடத்தின்முன் நின்று யார் பெயரால் ஒப்பந்தம் செய்கிறோமோ அவருக்காவது அஞ்ச வேண்டாமா? காணிக்கையோடு பீடத்தண்டை வரும்போது சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருப்பதாக நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனோடு ஒப்புரவாகச் சொன்னார் இயேசு. பீடத்தைக் காட்டிலும் பெரிய அவசரமாக அவர் கருதியது சகோதரனின் மனத்தை.

கூலியின் கதையும் இதுவே. தூத்துக்குடி உப்பளங்களில் விடியுமுன் இறங்கி உப்பு வாரும் பெண்களுள் என் தாயாரும் ஒருவர். உப்பின் வெண்மையில் வெயில் பட்டுத் தெறிக்கும் ஒளி கண்ணை அறுக்கும். உப்பு நீரில் நின்று நின்று பாதம் வெடிக்கும். வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் வேலையே இராது. ஆலயக் கோபுரத்துக்கு அள்ளிக் கொடுப்பவர்களுள் கூலியில் ஐந்து பத்து பிடிப்பவர்களும் உண்டு. “காணிக்கை போடுத கையும் கூலி எண்ணுத கையும் ஒண்ணுதானேய்யா?” என்று என் தாயார் கேட்பார். யாக்கோபு தம் நிருபத்தின் 5ஆம் அதிகாரத்தில், கொடுக்காமல் பிடித்துவைத்த கூலியைப் பற்றி மிகக் கடுமையாக எழுதியிருக்கிறார். அந்த அதிகாரத்தை உரக்க வாசிக்கும் பிரசங்க மேடைகள் பெருக வேண்டும்.

பியூரெட்டின் முன்னால்

முதலாளிகளையும் மணவீட்டாரையும் குறைகூறுவது எளிது. மாணவராகிய நமக்குத் திங்கட்கிழமை இல்லையா? உண்டு. அது செய்முறை வகுப்பில் இருக்கிறது. பருமனறி பகுப்பாய்வில் இருமுறை அளந்த பின், மூன்றாம் முறை பியூரெட்டைத் திறக்காமலேயே ஒத்த அளவை எழுதிவிடும் வழக்கம் நமக்கெல்லாம் தெரிந்ததே. சீனியர் மாணவரின் ரெக்கார்டு நோட்டிலிருந்து எண்களை அப்படியே இறக்கிக்கொள்வோரும் உளர். கேட்டால், “யார் பார்க்கப் போகிறார்கள்?” என்பார்கள். காலையில் முழங்காற்படியிட்டவன் இக்கேள்வியைக் கேட்கலாமா? எங்கும் நிறைந்தவர் என்று தன்னால் போற்றப்பட்டவர் ஆய்வுக்கூடத்திற்கு மட்டும் வெளியே நிற்கிறார் என்பது அவன் எண்ணமா?

சிறிய பொய்தானே என்று தள்ளிவிட வேண்டாம். இன்று இல்லாத அளவை எழுதும் கைதான் நாளை ஒரு குடிநீர் ஆய்வுக்கூடத்தில் ஃப்ளோரைடு அளவை எழுதப் போகிறது. அந்த எண்ணை நம்பி ஓர் ஊர்க் குழந்தைகள் நீர் பருகுவார்கள். பொய் எண்ணின் விலையை அவர்களுடைய பற்களும் எலும்புகளும் கொடுக்கும்.

நம்மில் பலர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள், நானும் அவ்வாறே. நம்மைப் படிக்க வைக்க வீட்டில் எதை விற்றார்கள், எதை அடகு வைத்தார்கள் என்பது நமக்குத் தெரியும். ஆகவே, “முதலில் எப்படியாவது மேலே வா, நேர்மையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்னும் குரல் நமக்கு மற்றவர்களைவிட இனிமையாகவே ஒலிக்கும். வேலைக்குப் பணம் கொடு என்பார்கள். கொடுத்தால், அதை மீட்க நாற்காலியில் அமர்ந்து பணம் வாங்கத் தோன்றும். வாங்கும்போது மேசைக்கு எதிரே கையைக் கட்டிக்கொண்டு நிற்பவர் யார்? நம் தாயைப் போன்ற ஒரு தாய், நம் தந்தையைப் போன்ற ஒரு தந்தை! அந்த நாளுக்கான விடையை அந்த நாளில் தேட முடியாது. இருபது வயதில், பியூரெட்டின் முன்னால், அதைப் பழகிக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் ஜெபம் எதற்கு?

“நேர்மையாக வாழ மதம் எதற்கு? கடவுளை நம்பாத நாங்களும் கைசுத்தமாக இருக்கிறோமே!” என்று பகுத்தறிவு பேசும் நண்பர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. நேர்மை கிறிஸ்தவர்களின் தனியுடைமை என்று நான் சொல்லமாட்டேன். அடிபட்டு வழியில் கிடந்தவனை ஆசாரியனும் லேவியனும் விலகிப்போக, யூதர்கள் ஒதுக்கிவைத்திருந்த சமாரியன் ஒருவனே தூக்கிச் சென்றான் என்று கதை சொன்னவர் இயேசுவேயன்றோ? நம்பிக்கையில்லாத நண்பன் நேர்மையாக இருக்கும்போது, அவனோடு வாதாடுவதைவிட அவனைப் பார்த்து நாம் வெட்கப்படுவதே முறை.

ஆயினும் ஜெபம் வீண் என்று ஆகிவிடாது. 17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துக் கர்மேல் மடம் ஒன்றில் சமையற்காரராகப் பணியாற்றிய சகோதரர் லாரன்ஸ், பாத்திரங்களின் நடுவிலும் ஆலயத்தில் இருப்பது போலவே கடவுளின் முன்னிலையில் இருக்கப் பழகியவர். ஜெபத்தை வேலையிலிருந்து தப்பும் இடமாக அவர் கருதவில்லை. ஜெபத்தோடேயே வேலைக்குள் நுழைந்தார். மாணவனுக்கும் அது பொருந்தும். காலையில் ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்து, “இன்று யாரிடம் நான் பொய் சொல்லக்கூடும்? யாரை இழிவாகப் பேசக்கூடும்? யாருக்கு மன்னிப்புத் தர வேண்டியுள்ளது?” என்று கடவுளின் முன்னால் எண்ணிப் பார்ப்பவனுக்கு, அன்றைய நாள் எச்சரிக்கை இல்லாமல் வந்து விழாது. தான் மன்னிக்கப்பட்டவன் என்று அறிந்தவனுக்கு மற்றவனை மன்னிப்பதும் சற்று எளிதாகும். ஜெபத்தால் நான் கண்ட பயன் இதுதான்.

நண்பர்களே! கடல்நீரில் உள்ள உப்புகளின் அளவு ஏறத்தாழ 3.5 விழுக்காடே. அந்நீரைப் பாத்தியில் கட்டினால் உப்புக்கு முன்னரே ஜிப்சம் படியும். பிறகே உப்பு விளையும். விளைந்தவுடன் எஞ்சிய கசப்பு நீரை வடித்துவிட வேண்டும். வடிக்காவிட்டால் அதிலுள்ள மக்னீசியம் குளோரைடு உப்போடு ஒட்டிக்கொள்ளும். அந்த உப்பு கசக்கும். காற்றின் ஈரத்தை இழுத்து நீர்த்துப் போகும். பக்தியும் பொறுமையாக விளைய வேண்டியதே. சாதி என்னும் கசப்பையும், பொய், பேராசை என்னும் கசப்புகளையும் வடித்துவிட வேண்டிய பருவம் ஒன்று உண்டு. மாணவப் பருவமே அந்தப் பருவம். இப்போது வடிப்போம். நாளை நாம் போய்ச்சேரும் அலுவலகத்திலும் பள்ளியிலும் ஆய்வுக்கூடத்திலும், நம்மை வெண்மையால் அல்ல, கரிப்பால் உலகம் அறியட்டும்!